பைபர் படகுக்குப் போடும் ஒட்டு ஏன் பிய்ந்து வருகிறது?

உவரி, கூத்தன்குழி, இடிந்தகரைப் பக்கம் மணலில் ஏற்றிவைத்திருக்கும் பைபர் படகுகளில் அடியில் ஒட்டு இல்லாத படகு அபூர்வம். சில ஒட்டுகளின் ஓரத்தில் உளி முனையைக் கொடுத்தாலே அப்படியே தகடாகக் கிளம்பிவிடும். மேட் (கண்ணாடி இழை விரிப்பு) பத்தவில்லை, இன்னும் ரெண்டு அடுக்கு போடணும் என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பிய்ந்து வந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும், பழைய படகின் ஒரு நார்கூட அதில் ஒட்டியிருக்காது. மேட்டும் உடையவில்லை, அதை நனைத்து இறுக்கும் பிசினான ரெசினும் உடையவில்லை, பழசும் புதுசும் சேர்ந்த இடம்தான் விட்டுப்போயிருக்கிறது.

புதுப் படகு கட்டும்போது முதல் அடுக்கு முழுசாக இறுகுவதற்குள் அடுத்ததைப் போட்டுவிடுவார்கள், அதில் இன்னும் வினைபுரியாமல் மிச்சமிருக்கும் மூலக்கூறு முனைகள் மேலே வரும் ரெசினோடு வேதிப்பிணைப்பாகவே சேர்ந்துகொள்ளும். வருடக்கணக்கில் வெயிலில் கிடந்த படகில் அந்த முனைகள் ஏறக்குறையத் தீர்ந்திருக்கும், புது ரெசின் பெரும்பாலும் சொரசொரப்புக்குள் இறங்கிப் பிடித்தால்தான் உண்டு.

இழைக்கும் ரெசினுக்கும் நடுவிலும் இதே கதைதான். மேட்டில் உள்ள கண்ணாடி இழை 10 முதல் 20 மைக்ரான் கனம்தான், அதன்மேல் ஆலையிலேயே சிலேன் என்ற பூச்சு கொடுத்திருப்பார்கள். அதன் ஒரு முனை கண்ணாடியைப் பிடிக்கும், மறுமுனை ரெசினைப் பிடிக்கும். தண்ணீர் இந்தப் பிடியை மெல்ல மெல்ல அறுத்துவிடும், அதனால் கடற்காற்றில் நமத்துப்போன மேட்டைத் தயவுசெய்து போடாதீர்கள். அதற்காகப் பிடி அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தாலும் ஆகாது, விரிசல் இழையையும் சேர்த்து வெட்டிக்கொண்டு நேராக ஓடிவிடும். பிடி கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் விரிசல் இழையோரமாகத் திரும்பும், இழைகள் உருவி வரும்போது படகில் விழுந்த அடியின் வேகம் அங்கேயே செலவாகிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

சரி, ஒட்டுப் போடுவதற்கு வருவோம். முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவிட்டு, அசிட்டோன் துணியால் எண்ணெயைத் துடைத்த பிறகுதான் கிரைண்டர். முதலிலேயே கிரைண்டர் போட்டால் அழுக்கு உள்ளேயே தேய்ந்துவிடும். ஓட்டையைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்க வேண்டும், 5 மில்லிமீட்டர் கனத்துக்கு 60 மில்லிமீட்டர் சரிவு நல்ல கணக்கு. கச்சான் காற்று அடிக்கும்போது தார்ப்பாய் கட்டாமல் இந்த வேலையில் கை வைக்கக் கூடாது.

படகு கட்டும் வழக்கமான ரெசின் பாலியெஸ்டர். பழைய பாலியெஸ்டர்மேல் எபாக்சி என்ற வேறு வகை ரெசின்தான் நன்றாகப் பிடிக்கும், விலை கூடத்தான். அடிமரம் மணலில் உரசுகிற இடத்துக்காவது அதை வாங்குங்கள். ஆனால் எபாக்சிமேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது, அதனால் மேல்பூச்சையும் எபாக்சிக்கு ஒத்துவருவதாகக் கேட்டு வாங்குங்கள்.