சிவப்பு மூடி ஊசி: அப்பாவின் மருந்தை அரசு மருத்துவமனைக்கு மாற்றிய அனுபவம்

அப்பா இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொண்டிருந்ததை அவர் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் (மருந்துக் குழல்) ஒன்றில் 300 யூனிட் இருக்கும். அப்பாவுக்கு டாக்டர் எழுதியது காலையில் 24, இரவில் 12, ஆக ஒரு நாளைக்கு 36. அப்படியென்றால் ஒரு கார்ட்ரிட்ஜ் எட்டு நாளைத் தாண்டக் கூடாது. 2024 ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த பெட்டியையும் மருந்துக்கடை பில்லையும் சேர்த்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் பதினொரு நாள் வந்திருந்தது. கேட்டதும் அப்பா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "உடம்பு நல்லாத்தான தாயி இருக்கு. கொஞ்சம் கொறச்சா ஒண்ணும் ஆகாது."

அவர் தையல்காரர். கால் இஞ்ச் துணி வீணாகக் கூடாது என்று வெட்டிப் பழகிய கை. மருந்தையும் அப்படியே பார்த்திருக்கிறார். இன்சுலின், மூன்று வகை மாத்திரை, ஊசி முனை, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் எல்லாம் சேர்த்து மாதம் நாலாயிரத்தை ஒட்டி வந்தது. நான் அனுப்பிய பணம் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மாதம் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்ததாம். அதற்கு முந்தைய மாதம் ஒரு கல்யாண மொய். காசு குறையும்போதெல்லாம் யூனிட் குறைந்திருக்கிறது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை அவரைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். "தர்மாஸ்பத்திரிக்கா?" என்றார். எங்கள் பக்கம் பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். நாம் கட்டும் வரியில் நடக்கும் ஆஸ்பத்திரி; அந்தச் சொல் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்பது வருடம் யாரிடமும் கைநீட்டாமல் உழைத்த மனிதருக்கு அந்தப் பெயரே போதும், வாசலிலேயே நின்றுவிட.

போவதற்கு முன் எனக்கும் ஒரு தவறான எண்ணம் இருந்தது: வருமானச் சான்று கேட்பார்கள், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் கொடுப்பார்கள் என்று. இதைப் பலரும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வருமான வரம்பெல்லாம் காப்பீட்டு அட்டைக்குத்தான். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு மாத்திரை வாங்க யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. எங்களிடம் ஆதாரும் போன் நம்பரும் கேட்டார்கள், அவ்வளவுதான். தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸ் எடை, பிரஷர், சர்க்கரை பார்த்து எழுதிக்கொண்டார். இன்சுலினை மாற்றி எழுத வேண்டியிருப்பதால் ஜி.ஹெச்.சில் மருத்துவரைப் பார்த்துவிடச் சொன்னார்.

ஜி.ஹெச்.சில் கூட்டம். காலை எட்டரைக்கு வரிசையில் நின்றோம், டாக்டரைப் பார்க்கும்போது மணி பதினொன்றே கால். அவர் பழைய சீட்டை நிதானமாகப் படித்தார். தனியாரில் எழுதியிருந்தவை இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகச் சேர்த்த கூட்டு மாத்திரைகள். ஜி.ஹெச். டாக்டர் அவற்றைப் பிரித்து மெட்ஃபார்மின், கிளிமிபிரைட், ஆம்லோடிபின், அடோர்வாஸ்டாடின் என்று மருந்தின் பெயரிலேயே எழுதினார். கார்ட்ரிட்ஜுக்குப் பதில் 30/70 ஹியூமன் இன்சுலின் குப்பி. "முன்னாடி போட்டது சாப்பிடுற நேரத்துல போட்டுக்கலாம். இது அப்படி இல்ல, அரைமணி நேரம் முந்திப் போடணும்" என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்த அத்தனையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. உலக சுகாதார நிறுவனம் அப்படி ஒரு பட்டியலை முதன்முதலில் 1977-இல் வெளியிட்டது. நம் நாட்டின் தேசியப் பட்டியல் 2022 செப்டம்பரில் திருத்தப்பட்டபோது 384 மருந்துகள் இருந்தன. இந்தப் பட்டியலில் இருந்தால் 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்சவிலை நிர்ணயிப்பார்கள். பட்டியலில் இல்லாத மருந்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை கம்பெனி விலையை ஏற்றிக்கொள்ளலாம். நாங்கள் அத்தனை வருடம் வாங்கிய சீட்டில் எது பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

மருந்து கொடுக்கும் இடத்தில் இன்சுலினுக்கு ஐஸ் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற அம்மா தூக்குவாளியில் ஐஸ் துண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தார். குப்பி நேரடியாக ஐஸில் படக் கூடாது, உறைந்தால் வீண் என்று சொல்லி, தன் துண்டிலிருந்து ஒரு ஓரத்தைக் கிழித்து எங்கள் குப்பிகளையும் சுற்றிக் கொடுத்தார். அவர் வாளியிலேயே வைத்துப் பேருந்து நிலையம் வரை வந்தோம். ஊசி மட்டும் அன்று இருப்பு இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எதிரே இருந்த மெடிக்கலில் "இன்சுலின் ஊசி" என்று கேட்டேன், ஒரு பாக்கெட் கொடுத்தார்கள், வாங்கி வந்தேன்.

ஆறாவது நாள் அப்பாவுக்குச் சர்க்கரை 340. நாக்கு வறண்டு, ராத்திரி நாலைந்து முறை எழுந்திருக்கிறார். காலையில் கடைக்கு வந்த பக்கத்து வீட்டுச் சித்தப்பா, "கவர்மெண்ட் மருந்துல சத்து இருக்காது அண்ணாச்சி, நான்தான் சொன்னேனே" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்பா எனக்குப் போன் செய்து கோபப்படக்கூட இல்லை. "பரவால்ல தாயி, பழசையே வாங்கிக்குவோம். நான் சரியாப் போட்டுக்கிறேன்" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த பேருந்தில் ஊருக்குப் போய், குப்பியையும் ஊசியையும் பையில் போட்டுக்கொண்டு நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனோம். அந்த நர்ஸ் குப்பியைக் கையில் எடுக்கவேயில்லை. ஊசியின் மூடியைப் பார்த்தார்.

"இது ஆரஞ்சு மூடிம்மா. இது நூறு ஊசி. உங்க மருந்து நாப்பது."

அரசு கொடுக்கும் குப்பியில் ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கிறது. அதற்கான ஊசியின் மூடி சிவப்பு. கார்ட்ரிட்ஜ் மருந்தில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்த அளவு மருந்துக்கான ஊசியின் மூடி ஆரஞ்சு. ஆரஞ்சு ஊசியில் 24-ஆவது கோடு வரை நாற்பது மருந்தை இழுத்தால் உள்ளே போவது 24 யூனிட் இல்லை, ஒன்பதரைதான். நாள் முழுக்க 36 போக வேண்டிய உடம்புக்குப் பதினான்கு சொச்சம் போயிருக்கிறது. கணக்குப் பார்த்து மருந்தை மாற்றிய நானே அந்தக் கணக்கில் தவறிவிட்டேன். கடையில் எந்த மருந்துக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்; நானும் சொல்லியிருக்கலாம். இதை எழுதுவதே முக்கியமாக இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். குப்பியில் 40 என்று போட்டிருந்தால் சிவப்பு மூடி. மாற்றிப் போட்டால், நூறு மருந்தை நாற்பது ஊசியில் இழுத்தால், இரண்டரை மடங்கு ஏறிவிடும். அது இன்னும் ஆபத்து.

நர்ஸ் தன் மேசையிலிருந்து சிவப்பு மூடி ஊசிகள் எடுத்துக் கொடுத்து, அப்பாவையே ஒருமுறை இழுத்துக் காட்டச் சொன்னார். துணியில் சாக்பீஸ் கோடு பார்ப்பதுபோல அப்பா ஊசியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பத்து நாளில் சாப்பிடுமுன் சர்க்கரை 150-க்குள் வந்தது.

இருந்தாலும் மாத்திரை மேல் அவருக்குச் சந்தேகம் போகவில்லை. பெட்டி கிடையாது, பளபளப்பு கிடையாது. வெள்ளி நிறப் பட்டையில் மருந்தின் பெயரும் "தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல" என்ற அச்சும்தான். "விக்கிறதுக்கு ஆகாதுன்னே போட்டிருக்கானே" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். வெளியே கடத்தி விற்காமல் இருக்கப் போட்ட அச்சு அது என்று விளக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் இந்த மாத்திரை எங்கிருந்து வருகிறது என்று நானே உட்கார்ந்து படித்தேன்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் பதிவு செய்யப்பட்டு, 1995 தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தது. மாநிலம் முழுமைக்கும் எவ்வளவு வேண்டும் என்று சேர்த்து ஒரே டெண்டர், அதுவும் பிராண்டுப் பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரில். கம்பெனியின் தகுதி விவரம் ஓர் உறையில், விலை இன்னோர் உறையில். தகுதி தேறியவர்களின் விலை உறையைத்தான் திறக்கிறார்கள். சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், அதில் வரவு வைத்த தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். யாருக்கு என்ன தேவையோ அதுதான் நகரும். மேலிருந்து கொட்டிவிட்டுப் போவதில்லை. பின்னாளில் ராஜஸ்தான் 2011-இல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது நம்முடையதைப் போன்ற ஒரு கழகத்தைத்தான் அமைத்தது.

இதையெல்லாம் அப்பாவிடம் அவர் தொழில் பாஷையில் சொன்னேன். "பள்ளிக்கூட யூனிஃபார்முக்கு மொத்தமாத் துணி எடுத்தா மீட்டர் என்ன விலைக்கு வரும்? நீங்க கடையில ஒரு சட்டைக்கு எடுத்தா என்ன விலை? துணி ஒண்ணுதான?" அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து மாத்திரைப் பட்டையைக் கடை மேசையிலேயே வெளிப்படையாக வைத்துக்கொண்டார்.

மாத்திரைகளுக்கு இப்போது அலைவதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகாதார நிலையத்தில் பதிந்திருந்ததால் எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் அக்காவின் நோட்டில் அப்பா பெயரும் ஏறிவிட்டது. மகளிர் குழுவிலிருந்து வந்தவர். கடை வாசலிலேயே பிரஷர் பார்த்து, சர்க்கரைக்கு விரலில் குத்தி, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். போன தடவை கொடுத்ததில் மீதி இருக்கிறதா என்று பட்டையை எடுத்துப் பார்க்கிறார். மீதி இருந்தால் ஏன் என்று கேட்கிறார். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை நான் கேட்க ஆறு வருடம் தாமதம். இந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்த செய்தியை அப்பா கத்தரித்துக் கடையில் ஒட்டியிருக்கிறார். அந்த அக்காவின் ஊதியம் அவர் நடக்கும் தூரத்துக்கும் பார்க்கும் வேலைக்கும் போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. ஒரு மாதம் கொழுப்பு மாத்திரை இல்லை, பதினைந்து நாள் கழித்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அப்படி வந்தால் நிறுத்திவிடாதீர்கள். 2025 பிப்ரவரி 24-ஆம் தேதி ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். எங்களுக்குப் பக்கத்து ஊரில் ஒன்று இருக்கிறது. அங்கே அதே மருந்தைப் பழைய விலையில் கால்வாசிக்குள் வாங்கினேன். மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும் கிடைக்கும். சீட்டில் மருந்தின் பெயர் எழுதியிருந்தால்தான் இங்கெல்லாம் கேட்டு வாங்க வசதி. பிராண்டுப் பெயர் மட்டும் இருந்தால் டாக்டரிடமே உள்ளே இருக்கும் மருந்து எது, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பது தப்பே இல்லை. கூட்டு மாத்திரையை நீங்களாகப் பிரித்துக்கொள்ளாதீர்கள்.

இன்சுலினோடு ஊசியும் ஒருநாள்கூடத் தவறாமல் கிடைக்க வேண்டும். மருந்து இலவசமாகக் கொடுத்து ஊசியை வெளியே வாங்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதை அந்த ஆறு நாளில் பார்த்துவிட்டேன். வீட்டில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பும் இப்படியே. மாதம் நாங்கள் செலவழிக்கும் மருத்துவக் காசு இப்போது பெரும்பாலும் அதற்குத்தான் போகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனை (HbA1c) 9.6 சதவீதத்திலிருந்து 7.4-க்கு வந்திருக்கிறது. ஒரு குப்பியில் 400 யூனிட், நாளைக்கு 36, பதினொரு நாள். தேதியை அப்பாவே குப்பியில் எழுதி ஒட்டுகிறார். போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன், சரியாகப் பதினோராவது நாள் புதுக் குப்பி திறந்திருந்தது.

இன்சுலின் வாங்கப் போகும் நாளுக்கென்று மிச்சத் துணியில் பஞ்சு வைத்துக் குப்பிக்கு ஒரு சின்ன உறை தைத்துக்கொண்டார். வரிசையில் பார்த்தவர்கள் கேட்டார்களாம். இப்போது தையல் மெஷின் பக்கத்தில் ஏழெட்டு உறைகள் கிடக்கின்றன, எல்லாவற்றின் வாயிலும் சிவப்பு நூல் தையல். காசு வாங்குவதில்லை. கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஊசி மூடி என்ன கலர் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்.