0.3 மில்லிமீட்டர் பல்லும் கத்தியின் விலையும்

காய்ந்த மரக்கணு ஒன்றில் குறுக்காக இறங்கியதும் கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், பல் (சிறு உடைவு) விழுந்துவிட்டது. நுனியிலிருந்து 40 மி.மீ. தள்ளி, அருகருகே இரண்டு. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் பெரியதன் ஆழம் சுமார் 0.3 மி.மீ. கத்தி மோரா கம்பானியன், ஸ்டெயின்லெஸ். அதைக் குறை சொல்ல வழியில்லை. ஆலையில் போட்டிருந்த மைக்ரோ பெவலை (வாயோரத்தில் சற்றுக் கூடுதல் கோணத்தில் இருக்கும் மெல்லிய இரண்டாம் சரிவை) முழுக்க அரைத்தெடுத்து, ஸ்காண்டி சரிவை (அலகின் முழுத் தடிப்பிலிருந்து வாய்வரை இறங்கும் ஒரே சரிவை) இரண்டு பக்கமும் தட்டையாக வாய்வரை இறக்கிய பிறகு நடந்தது இது. முந்தின நாள் பச்சை மரத்தைச் சுருள் சுருளாகச் சீவியதும் இதே வாய்தான்.

ஸ்காண்டியில் பல் விழுந்தால் ஏன் வயிறு எரிகிறது என்பது கணக்குப் போட்டால் தெரியும். முதுகுத் தடிப்பு 2.5 மி.மீ., இருபுறமும் சேர்ந்த கோணம் சுமார் 24 டிகிரி. அதாவது சரிவின் அகலம் ஒரு பக்கம் 6 மி.மீ. வாயை 0.3 மி.மீ. மேலேற்ற வேண்டுமானால் இந்த 6 மி.மீ. முகம் முழுவதையும் அரைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 0.06 மி.மீ.தான், ஆனால் 104 மி.மீ. நீளம் முழுக்க. மொத்தம் 78 கன மி.மீ., எடையில் சுமார் 0.6 கிராம் எஃகு. வாய்க்குப் பின்னால் அரை மில்லிமீட்டரே தடிப்புள்ள சாதாரண இரட்டைச் சரிவுக் கத்தியில் இதே பல்லை எடுக்க ஏறக்குறைய 16 கன மி.மீ. போதும். ஐந்தில் ஒரு பங்கு. ஸ்காண்டி சாணை பிடிக்கச் சுலபம் என்று சொல்வது பல் விழாதவரை சரி.

இந்த இடத்தில்தான் விலைப் பேச்சு வருகிறது. "கார்பெர்க் வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது" என்று யாராவது சொல்வார்கள். கார்பெர்க்கும் மோரா கத்திதான், கம்பானியனைப் போலப் பல மடங்கு விலை. ஆனால் அந்தப் பணம் எதற்குப் போகிறது? கம்பானியனில் 12சி27 என்ற எஃகு, கார்பெர்கில் 14சி28என். முதலாவதில் கார்பன் 0.60 சதவீதம், குரோமியம் 13.5. இரண்டாவதில் 0.62, 14, கூடவே 0.11 சதவீதம் நைட்ரஜன். துருவைத் தாங்குவதில் பின்னது ஒரு படி மேல், மற்றபடி இரண்டும் அண்ணன் தம்பி. கூடுதல் விலைக்குக் கிடைப்பவை வேறு: பிடியின் கடைசிவரை ஓடும் முழு வால் (அலகு பிடிக்குள் நீளும் பகுதி), 3.2 மி.மீ. முதுகு, தீப்பொறி கிளப்பும் தீக்கம்பியை உரசத் தோதான கூர்விளிம்பு முதுகு, நல்ல உறை. கத்தியை விறகின் தலையில் வைத்துக் கட்டையால் அடித்துப் பிளப்பவருக்கு முழு வால் காசுக்குத் தகும். கரண்டி செதுக்குபவருக்கு 3.2 மி.மீ. முதுகு இடைஞ்சல்தான், மரத்துக்குள் ஆப்புப் போல நிற்கும். அதே 0.3 மி.மீ. பல் கார்பெர்கில் விழுந்தால் எடுக்க வேண்டிய எஃகு 105 கன மி.மீ. ஆக, விலை கூடின கத்திக்கு உழைப்பும் கூட.

சரி, வேலைக்கு வருவோம். 400 கிரிட் (முரட்டுத்தன எண்; எண் கூடக்கூட மென்மை) டயமண்ட் பிளேட், அதாவது வைரத்தூள் பதித்த சாணைத் தகடு, மார்க்கர், தண்ணீர். சரிவு முழுக்க மார்க்கர் பூசி நாலே இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். ஆலையில் சக்கரத்தில் அரைத்த சரிவு கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்காது. மை எங்கே போயிருக்கிறது, எங்கே நிற்கிறது என்பதிலேயே மேடு பள்ளம் தெரிந்துவிடும். சரிவின் மேல் தோளில் மை நின்றால் முதுகைத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். வாயோரம் மெல்லிய கோடாக நின்றால் பழைய மைக்ரோ பெவல் இன்னும் போகவில்லை. இரண்டாவதுதான் பொறுமையைச் சோதிக்கும். அந்தக் கோடு கடைசிவரை போக்குக் காட்டும்; "போதும், கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் முடிந்துவிடும்" என்று கை சொல்லும். தூக்கினால் தட்டை போச்சு.

அழுத்தம் எங்கே விழுகிறது என்பதில்தான் முக்கால் பங்கு வேலை. பிடியிலிருந்து அழுத்தினால் பிடியோரம் மட்டும் தேய்ந்து, பார்க்கவே அசிங்கமாகக் குழி விழும். இடது கையின் இரண்டு விரல்நுனிகள் சரிவின் மேலேயே, பிளேட்டைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். அலகை மூன்றாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியாகப் போவது நல்லது. ஒரு பக்கம் இருபது இழுப்பு, மறுபக்கம் இருபது. எண்ணாமல் ஒரே பக்கம் அரைத்தால் வாய் நடுவிலிருந்து விலகிவிடும்.

நுனியோர வளைவு தனி உபத்திரவம். நேர்ப்பகுதியில் பிடித்த அதே பிடியோடு வளைவுக்குப் போனால் சரிவின் தோள் மட்டும் தேயும், வாய் பிளேட்டைத் தொடவே தொடாது. வளைவு தொடங்கும் இடத்திலிருந்து முழங்கை மெல்ல உயர வேண்டும். எவ்வளவு? சரிவு பிளேட்டில் ஒட்டிக்கொண்டு வருவதை விரல் உணரும் அளவு. கூடினால் நுனி உருண்டுவிடும். கடைசி 15 மி.மீ.க்கு நீண்ட இழுப்பே வேண்டாம்; கட்டைவிரல் அகலத்துக்கு முன்னும் பின்னும் குறுந்தேய்ப்பு, ஐந்துக்கு ஒரு முறை மை.

பெல்ட் கிரைண்டரில் ஐந்து நிமிட வேலைதானே என்று தோன்றும். வாயோரத்தில் உலோகம் மெலிந்திருப்பதால் சூடு போக வழியில்லை. கண் மூடித் திறப்பதற்குள் 200 டிகிரியைத் தாண்டிவிடும். தோய்ச்சலின் பதம் அங்கேயே போனது. கார்பன் ஸ்டீலிலாவது வைக்கோல் நிறம் எட்டிப் பார்த்து எச்சரிக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் குரோமியம் இருப்பதால் நிறம் இன்னும் கூடின சூட்டில்தான் வரும். நிறம் மாறவில்லை, பதம் பத்திரம் என்று நம்புவது ஏமாற்று.

பிளேட்டைப் பற்றி ஒரு புலம்பல். மலிவு விலைப் பிளேட் ஒன்று, இரண்டாவது கத்திக்குள் நடுப்பகுதியில் வைரத்தூளை உதிர்த்துவிட்டது. ஓரத்தில் அரைக்கிறது, நடுவில் வழுக்குகிறது. தட்டையான சரிவை இதில் எடுப்பது நடக்காத காரியம். நல்ல பிளேட்டும் புதிதில் போட்டிருக்கும் எண்ணைவிட முரட்டுத்தனமாகக் கீறும், கொஞ்சம் பழகினால்தான் அடங்கும். கத்தியில் மிச்சம் பிடித்து அதைப் பிளேட்டில் போடுவது எப்போதும் லாபம்.

0.6 கிராம் இறங்க 400இல் மட்டும் இரண்டரை மணி நேரம். பிறகு 1000, பிறகு மரக்கட்டையில் ஒட்டிய தோலில் பச்சைக் குரோமியம் ஆக்சைடு மெருகுப் பசை. தோலில் அழுத்தக் கூடாது. தோல் அமுங்கி எழுந்து வாயை உருட்டிவிடும்.

இந்த முறை பல் விழாமல் இருக்கச் செய்தவை இரண்டு. முதலில் பிசிறு, அதாவது அரைக்கும்போது வாயோரம் மடங்கி நிற்கும் மெல்லிய உலோக இழையை எடுப்பது. முதல் தடவை மயிரைச் சிரைத்த கூர் பாதி பிசிறுதான் என்று இப்போது படுகிறது. முதுகிலிருந்து வாய் நோக்கி விரலை வெளிப்புறமாக இழுத்தால் பிசிறு தட்டுப்படும். பஞ்சில் இழுத்தால் நூல் சிக்கும். பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தமே இல்லாமல் இழுத்தால்தான் விழும். அடுத்து, எந்த மைக்ரோ பெவலை மெனக்கெட்டு எடுத்தோமோ அதையே திரும்பப் போடுவது. முதுகைச் சற்று உயர்த்தி, பக்கத்துக்கு 16 டிகிரி வாக்கில், 1000 பிளேட்டில் மூன்றே இழுப்பு. மயிரிழை அகலம் போதும். அதே கணுவில் திரும்பவும் இறக்கிப் பார்த்ததில் வாய் நின்றது. இனி அடுத்த சில தடவை இந்த இழையை மட்டும் புதுப்பித்தால் ஆயிற்று. அதன் அகலம் அரை மில்லிமீட்டரைத் தொடும்போது மறுபடி பெரிய சரிவு.

எஸ்30வி மாதிரி பவுடர் ஸ்டீல் (உலோகத் தூளை இறுக்கிச் செய்யும் எஃகு) கத்திகளின் விலையையும் இந்தக் கணக்கில் வைத்தே பார்க்க வேண்டும். 1.45 சதவீதம் கார்பன், 4 சதவீதம் வனேடியம். கூர் நீண்ட நாள் நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் வனேடியம் கார்பைடு சாதாரண அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல்லைவிடக் கடினம். வைரம் இல்லாமல் கிட்டே போகக் கூடாது. அதில் 0.3 மி.மீ. பல் விழுந்தால் ஒரு சாயங்காலம் போதாது. அப்படிப்பட்ட கத்தியைக் கணுவில் இறக்கக் கை வருமா? திரும்ப விற்கலாம் என்ற நினைப்பில் கீறல் படாமல் வைத்திருக்கும் கத்தி பாதி பெட்டியிலும் பாதி மனதிலும்தான் கிடக்கும். ஒரு தடவை சாணை பிடித்தாலே சேகரிப்பாளர் கண்ணில் அதன் விலை இறங்கிவிடும். கம்பானியனில் சரிவு இரண்டும் கைப்பட வந்தவை. விற்றால் ஒன்றும் தேறாது. வேலைக்குக் கிளம்பும்போது கை போவது இதன் பக்கம்தான்.

அடுத்ததாகப் பிடியில்லாத கார்பன் அலகு ஒன்று காத்திருக்கிறது. மெல்லிய வால், பிர்ச் கட்டையில் வரிசையாக மூன்று துளை போட்டு ஊசி அரத்தால் ஒன்றாக்கி, எபாக்சி ஊற்றி இறக்குவதாகத் திட்டம். மேலே ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ விரித்துக் காயவிட்டோதான் எறிய வேண்டும். உறை தோலில் என்றாலும் கத்தி அதற்குள் குடியிருக்கக் கூடாது. தோல் ஈரம் பிடித்து வைக்கும், கார்பன் அலகு சில நாளில் துருப் புள்ளி காட்டும்.

அதற்கு முன் இந்தக் கம்பானியனில் மிச்சமிருப்பதை முடிக்க வேண்டும். வலப்பக்கம் நுனியோரம் கடைசி 10 மி.மீ.இல், வாயை ஒட்டி, மார்க்கர் கோடு இன்னும் அப்படியே நிற்கிறது.