ஒய் பேஸ் மட்டும் ஏறவில்லை

தூத்துக்குடி பக்கம் ஒரு தொழிற்சாலை வேலை. சப்ஸ்டேஷனிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரை 11 கேவி எக்ஸ்எல்பிஇ (ஒரு வகை பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிள், ஆர், ஒய், பி என்று பேஸுக்கு ஒன்றாக மூன்று கோர், 400 மீட்டர். டிரம்மில் இருக்கும்போதே ஒருமுறை மெக்கர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தோம். பள்ளத்தில் போட்டு மண் மூடுவதற்கு முன் இன்னொரு முறை. இரண்டு முறையும் நன்றாக இருந்தது. கேபிள் முனைகளை உரித்து, லக் போட்டு, இன்சுலேஷன் டியூப் மாட்டும் டெர்மினேஷன் வேலை முடிந்த பிறகுதான் சிக்கல்.

மறுநாள் காலை 5 கேவி மெக்கரோடு போனேன். இங்கே பட்டனை அழுத்தினால், மறுமுனையில் திறந்து நிற்கும் லக்கிலும் அதே 5,000 வோல்ட். அதனால் டெர்மினேஷன் செய்த ஜாயின்டர் அண்ணனை அங்கே நிறுத்தினேன். "யாரும் கிட்ட இல்ல தம்பி, போடு" என்று போனில் அவர் சொல்லும் வரை பட்டனைத் தொடவில்லை. மற்ற இரண்டு கோர், ஸ்கிரீன் (கோரைச் சுற்றிய உலோக உறை), ஆர்மர் (கேபிளின் உலோகக் கவசம்) எல்லாவற்றையும் எர்த்தில் கட்டிவிட்டு ஒவ்வொரு கோராகப் பார்த்தோம்.

ஆர் 38 கிகா ஓம் (ஒரு கிகா என்றால் ஆயிரம் மெகா). பி 41. ஒய் வெறும் 90 மெகா ஓம். நல்ல கோரில் முதலில் குறைவாகக் காட்டும், சார்ஜ் ஆக ஆக ஏறும். இது ஏறாமல் அங்கேயே நின்றது.

"கேவிக்கு ஒரு மெகா ஓம், கூட ஒண்ணு. 12 போதும் சார், 90 இருக்கே, லைன் கொடுத்துடலாம்" என்றார் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். அது மோட்டார் வைண்டிங்குக்குச் சொல்லும் பழைய கணக்கு. ஒரே கேபிள், ஒரே நீளம், ஒரே வெப்பநிலை. மூன்று கோரும் பக்கத்துப் பக்கத்தில் காட்ட வேண்டும். முடியாது என்றேன்.

கடற்காற்றின் உப்பும் பனியும் காரணமாக இருக்கலாம் என்று, டிஸ்சார்ஜ் செய்து, இரு முனைகளையும் ஆல்கஹாலில் துடைத்தோம். 400 மெகா ஓம் ஆனது, அப்போதும் போதாது. அப்புறம் மேல்பரப்புக் கசிவைக் கழிக்க, டெர்மினேஷன் மீது வெறும் செம்புக் கம்பியைச் சுற்றி மெக்கரின் கார்டு டெர்மினலில் கொடுத்தோம்; அதன் வழியே போகும் கசிவு ரீடிங்கில் சேராது. மறுமுனைக்கு அவ்வளவு நீள வயருக்கு எங்கே போவது? பி கோரை எர்த்திலிருந்து பிரித்து அதையே வயராகப் பயன்படுத்தினோம். ரீடிங் அசையவில்லை. அப்படியானால் கசிவு வெளியே இல்லை, டியூபுக்கு உள்ளே.

டிரான்ஸ்ஃபார்மர் பக்க முனை முந்தின நாள் இருட்டும் நேரத்தில் முடித்தது. அதைத்தான் முதலில் பிரித்தோம். வெள்ளை இன்சுலேஷன் மேல் விரல் நீளத்துக்குக் கறுப்புக் கோடு. இன்சுலேஷனைச் சுற்றியிருக்கும், ஓரளவு மின்சாரம் கடத்தும் கறுப்பு செமிகான் அடுக்கை உரித்தபோது முழுசாக வராமல் ஒட்டிக்கொண்டது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லவேளை, குழியில் கூடுதல் கேபிளை லூப்பாக விட்டிருந்தோம். வெட்டி, புது டெர்மினேஷன் கிட் போட்டு, அவரே மறுபடி செய்தார். உப்புத்தாளால் தேய்த்து, லக் பக்கத்திலிருந்து செமிகானை நோக்கி மட்டும் துடைத்தார். எதிர்த்திசையில் துடைத்தால் கறுப்பு திரும்ப இன்சுலேஷன் மேலேயே ஏறிவிடும்.

இந்த முறை ஒய் 36 கிகா ஓம். பத்து நிமிடம் ஏற்றிய கோரை நாற்பது நிமிடம் எர்த்திலேயே வைத்தோம். எர்த் ராடு தொட்டபோது வந்த 'பட்' சத்தத்தோடு சார்ஜ் தீர்ந்துவிடாது; எடுத்துவிட்டால் இன்சுலேஷனில் தங்கியது மெல்லத் திரும்ப ஏறும். விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்ணில் செய்யும் உயர் மின்னழுத்தச் சோதனை) முடிந்து மறுபடி மெக்கர் பார்த்தபோதும் மூன்றும் அதே அளவில் நின்றன. வெப்பநிலையோடு சேர்த்து ரிப்போர்ட்டில் எழுதினேன், அண்ணனும் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் கேபிளுக்கு லைன் கொடுத்தோம்.