புலப்படத்தில் இருந்த பாதை

எங்கள் ஊர் மயானம் ஏரிக்கரைக்குக் கீழே உள்ள சிறிய புறம்போக்கு நிலம். நடுவே ஒரு முள்வேலி. கிழக்கே ஊர்த்தெருக்காரர்கள் எரிப்பார்கள், மேற்கே காலனியைச் சேர்ந்த நாங்கள் புதைப்போம், கரையோரம் நரிக்குறவர் குடும்பங்கள் அடக்கம் செய்வார்கள். ஊர்த்தெருவிலிருந்து தார்ச்சாலை உண்டு. எங்களுக்கும் நரிக்குறவர்களுக்கும் மூன்று பேருடைய வயல் வரப்புதான் வழி. என் பெரியம்மா இறந்த ஐப்பசியில், நடவு முடிந்திருந்த வயலில் முழங்கால் சேற்றில் பாடையைச் சுமந்தோம். பயிர் மிதிபட்டதென்று வயல்காரர் ஏசியதை, தாயைப் பறிகொடுத்த அண்ணன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வயல்வழி அடைபட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கிய காட்சியைப் பார்த்தபோது, அது எங்கள் ஊராகவே எனக்குத் தோன்றியது.

முதல் மனுவிலேயே நான் பிழை செய்தேன். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் "புதிய பாதை வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். பட்டா நிலமென்பதால் உரிமையாளர்களின் சம்மதம் தேவை என்ற பதிலோடு எட்டு மாதங்கள் போயின. பிறகு ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர், அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு நிலமும் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடம்) முதலில் எடுத்துப் பாருங்கள் என்றார். அந்த வயல்களுக்கிடையே தனி எண் கொண்ட நிலத்துண்டு (உட்பிரிவு) ஒன்று இருந்தது; பதிவேட்டில் அதற்கு நேரே 'வண்டிப்பாதை' என்றிருந்தது. ஆண்டுதோறும் இருபுறமும் ஏர் தின்று, அது வரப்பாகச் சுருங்கியிருக்கிறது. இதே நிலையில் இருப்பவர்கள், மனு எழுதுமுன் இந்த இரண்டு ஆவணங்களையும் பார்த்துவிடுங்கள். பாதை கேட்பதும் இருந்த பாதையை மீட்கக் கேட்பதும் வெவ்வேறு கோரிக்கைகள்.

இரண்டாவது மனுவில் ஆக்கிரமிப்பை அளந்து அகற்றக் கோரி, ஆகஸ்ட் 15 கிராம சபைத் தீர்மானத்தையும் இணைத்தேன். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி மூவருக்கும் அறிவிப்பு சென்றது. அளவை நாளில் இருவர் வாதாடினர். அன்று ஏசியவரோ சங்கிலியின் ஒரு முனையைத் தாமே பிடித்துக்கொண்டு, "எங்கப்பா காலத்துல இதுல மாட்டுவண்டி போகும். எனக்குத் தெரியும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பின் மற்றவர்கள் எதிர்க்கவில்லை.

அறுவடை முடிந்ததும் எல்லைக்கற்கள் நட்டு, ஊராட்சி செம்மண் கொட்டியது. அந்தப் பாதையில் முதலில் சென்றது ஒரு நரிக்குறவ மூதாட்டியின் உடல். ஊர்த்தெருவிலிருந்து நான்கு பேர் உடன் நடந்தார்கள். மயானத்தின் நடுவே உள்ள முள்வேலி இன்னும் இருக்கிறது. அதை அகற்றக் கோரும் தீர்மானத்தை அடுத்த கிராம சபைக்கு எழுதி வைத்திருக்கிறேன்.