மூன்று பில், கடைசியில் ஒரு ரப்பர் குழாய்

சிக்னலில் நிற்கும்போதுதான் முதலில் கவனித்தேன். வண்டி நிற்கிறது, என்ஜின் மட்டும் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குகிறது. ஸ்டீயரிங்கில் கை வைத்தால் முழங்கை வரைக்கும் அந்த அதிர்வு ஏறுகிறது. கிளம்பி ஓட ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் இல்லை, இழுவை வழக்கம்போலத்தான் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து டேஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் லைட்டும் எரிந்தது. அம்மாவை வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு அழைத்துப் போவது இந்த வண்டியில்தான். தள்ளிப்போட மனம் வரவில்லை, மறுநாளே ஒர்க்ஷாப்பில் விட்டேன்.

ஸ்கேனரைச் செருகினார்கள். பி 0171 என்று வந்தது. என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் அர்த்தம். அதைப் பார்த்ததுமே, "ஆக்ஸிஜன் சென்சார் போயிருச்சு சார், மாத்திடலாம்" என்றார் ஒர்க்ஷாப்காரர். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சாயங்காலம் லைட் அணைந்த வண்டி கைக்கு வந்தது. நிம்மதியாகப் பணம் கட்டினேன்.

லைட் அணைந்தது சென்சார் மாற்றியதால் அல்ல, ஸ்கேனரில் அந்த நம்பரை அழித்ததால் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இந்த மாதிரிக் கோளாறுகளில் பெரும்பாலும் ஒரே பிழை அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் வண்டியின் கம்ப்யூட்டர் லைட்டை எரியவிடும். அதனால் அழித்த பிறகு ஒன்றிரண்டு நாளாவது வண்டி சரியாகிவிட்ட மாதிரியே இருக்கும். எனக்கு மூன்று நாள் இருந்தது.

இரண்டாவது முறை ஸ்பார்க் பிளக் நான்கையும், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் நான்கையும் மாற்றினார்கள். குலுக்கல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. குறைய வேண்டும் என்ற ஆசையில் எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். மூன்றாவது முறை பெட்ரோல் பம்ப். டேங்கைக் கழற்றி இறக்க வேண்டும் என்பதால் லேபரே பெரிய தொகையாகப் போனது. நான்காவது முறை போனபோது, "அப்போ கம்ப்யூட்டராத்தான் இருக்கணும்" என்றார்.

அந்த 'இருக்கணும்' என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. இவர் எதையும் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் ஊகித்திருக்கிறார், அந்த ஊகத்துக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன். அவர் ஏமாற்றுக்காரர் என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாமல் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் போனோடு இணைகிற சின்ன ஓபிடி கருவி ஒன்று வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால் என்ஜினுக்குள் நடப்பது போன் திரையில் எண்களாக ஓடும். அதில் ஃபியூயல் ட்ரிம் என்று ஒரு வரி உண்டு. பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக்ஸிஜன் சென்சார் புகையை முகர்ந்து பார்த்து, காற்று அதிகம் என்றால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். எவ்வளவு கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்பதுதான் இந்த எண். கூட்டலிலோ கழித்தலிலோ பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை.

என் வண்டி ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடியபடி, நிற்கும்போது அது கூட்டல் 24 காட்டியது. ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தேன். எண் மளமளவென்று இறங்கி 5-இல் நின்றது. காலை எடுத்ததும் மறுபடி ஏறியது. நம்பாமல் நாலைந்து முறை செய்து பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அதே ஏற்றம், அதே இறக்கம்.

இது என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ள ஒரு ராத்திரி ஆனது. காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி எங்கோ ஓர் ஓட்டை இருந்தால், கணக்கில் வராத காற்று அது வழியாக உள்ளே போகும். ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். வேகம் கூடும்போது மொத்தக் காற்று பல மடங்காகும், ஓட்டை வழியாக வருவது கரைந்துபோகும். பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் இது தலைகீழாக நடக்கும்: பாரம் கூடக் கூடத்தான் பெட்ரோல் போதாமல் எண் ஏறும். அப்படியென்றால் என் பம்ப்பைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை. முதலில் கழற்றிப் போட்ட ஆக்ஸிஜன் சென்சாரோ உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. காற்று அதிகம் என்றது, காற்று அதிகமாகத்தான் இருந்தது. அதை நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

சக ஊழியர் ஒருவர் சொன்ன வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர். பானெட்டைத் திறக்கும் முன் கேள்விதான் கேட்டார். ஸ்டார்ட் செய்ததும் குலுங்குகிறதா, சூடான பிறகா? ஏசி போட்டால் கூடுகிறதா? இதற்கு முன் என்னென்ன மாற்றினார்கள்? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கண்டுபிடிக்க ஒரு மணி நேர லேபர் வாங்குவேன் தம்பி. மாத்துறது தனிக் கணக்கு" என்றார். முன்பாக இருந்தால், சும்மா பார்ப்பதற்கே காசா என்று எழுந்து வந்திருப்பேன். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்ததுதான் இந்த மொத்தக் கதையில் நான் மனதாரக் கொடுத்த பணம்.

என்ஜினை அணைத்துவிட்டு, காற்று போகும் வழியில் ஒரு குழாயைப் பொருத்தி லேசான அழுத்தத்தில் புகையைச் செலுத்தினார். ஸ்மோக் டெஸ்ட் என்கிறார்கள். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு மெல்லிய கோடு எழுந்தது. டார்ச்சைக் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்றார்.

என்ஜினின் அடிப்பாகத்தில் சேரும் ஆவியைத் திரும்ப உள்ளே இழுக்கிற ரப்பர் குழாய் அது. முழங்கை மாதிரி வளைகிற இடத்தில், கீழ்ப்பக்கமாகக் கிழிந்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். கழற்றிக் கையில் வாங்கினால் எண்ணெய் ஆவியில் ஊறிக் கொழகொழவென்று இருந்தது. அழுத்தியபோது என் சுண்டு விரல் கிழிசலுக்குள் போனது. மூன்று பில்லில் எதை எடுத்தாலும் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத விலை அந்தக் குழாய்க்கு. மாற்றி ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங் தரையில் வைத்த கல் மாதிரி நின்றது. போனில் ட்ரிம் இறங்கி 3-க்கு வந்தது.

பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். கேட்பதுதான் சரி என்று பட்டது. ஆனால் கோபமாகப் போகவில்லை. மூன்று பில், ட்ரிம் எண்களின் படங்கள், புதிய மெக்கானிக் கைப்பட எழுதிக் கொடுத்த குறிப்பு, கிழிந்த குழாய், நான்கையும் எடுத்துக்கொண்டு ஒர்க்ஷாப்பில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன்.

"உங்க கண் முன்னாலதானே சார் லைட் அணைஞ்சுது" என்றுதான் ஆரம்பித்தார். நான் பில்லை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஒரே கேள்வியைக் கேட்டேன்: இந்தப் பாகம் கெட்டுவிட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது? பம்ப் மாற்றும் முன் பெட்ரோல் அழுத்தம் எவ்வளவு இருந்தது? ஜாப் கார்டில் அந்த எண்ணே இல்லை. கேஜ் வைத்து அளக்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். காயில் சந்தேகம் என்றால் ஒரு சிலிண்டரின் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, அதோடு நகர்கிறதா என்று பார்த்திருக்கலாமே என்றேன். வண்டியில் மிஸ்ஃபயர் நம்பரே வந்திருக்கவில்லை என்பதையும் காட்டினேன். ஸ்பார்க் பிளக்கைப் பற்றி நான் பேசவில்லை. ஓடிய தூரத்துக்கு அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

கழற்றிய பாகங்களை அன்றன்றே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். நான் வாங்கவில்லை. நல்லவேளையாகப் பழைய காயில்கள் மூலையில் ஒரு பெட்டியில் கிடந்தன. அவற்றையே திரும்ப மாட்டிப் பார்த்தோம், என்ஜின் அதே அமைதியோடு ஓடியது. அதைப் பார்த்த பிறகு அவர் பேச்சின் தொனியே மாறியது. புதுக் காயில்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதன் விலையையும், பம்ப் மாற்றிய லேபரையும் கொடுத்தார். பம்ப் விலையைத் தர மறுத்துவிட்டார். புதுப் பம்ப் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் அதை நானும் வற்புறுத்தவில்லை.

இப்போதெல்லாம் வண்டியை விடும்போது ஜாப் கார்டில் பாகத்தின் பெயரை எழுத விடுவதில்லை. 'சிக்னலில் நிற்கும்போது குலுக்கல், ஓடும்போது இல்லை' என்று அறிகுறியை மட்டும் எழுதச் சொல்கிறேன். அதற்குக் கீழே, 'சோதித்துக் காரணம் சொன்ன பிறகே மாற்றவும், பழைய பாகம் திரும்ப வேண்டும்' என்று என் கையாலேயே எழுதுகிறேன். யாரும் இதுவரை முகம் சுளிக்கவில்லை.

குழாய் மாற்றி இரண்டு மாதம் ஆகிறது, ட்ரிம் இன்றும் 2, 3-ஐத் தாண்டவில்லை. ஆக்ஸிஜன் சென்சாருக்கான பணம் மட்டும் பேச்சில் நிற்கிறது. பழைய சென்சாரைத் தேடி எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.