மடகாஸ்கர்: மலையில் நெல், கரையில் பாய்மரம்

மடகாஸ்கர் போகிறேன் என்றதும் எல்லோரும் லெமூரையும் பாவோபாப் மரத்தையும்தான் விசாரித்தார்கள். இரண்டையும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தன. ஆனால் தலைநகர் அந்தனனரிவோவிலிருந்து தெற்கே இறங்கும் ஏழாம் எண் நெடுஞ்சாலையில் கண்ணை விட்டு அகலாதது நெல்தான். ஆப்பிரிக்கக் கரை சுமார் 400 கி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் பெட்சிலியோ மக்கள் மலைச்சரிவை வெட்டி அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் வயல்களைப் பார்த்தால், வழி தவறி ஜாவாவில் இறங்கிவிட்டோமோ என்று தோன்றுகிறது.

தோன்றுவதில் நியாயம் இருக்கிறது. இங்கே பேசும் மலகாசி மொழிக்கு நெருங்கிய சொந்தம் தென்கிழக்கு போர்னியோவில் பேசும் மாஅன்யன். நடுவே 6,000 கி.மீ.க்கு மேல் கடல்! தைவானிலிருந்து தீவு தீவாகப் பரவிய ஆஸ்திரோனேசியர்களில் ஒரு கிளை கிழக்கே ஈஸ்டர் தீவு வரை போக, இன்னொன்று மேற்கே இங்கே வந்தது. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 30 பெண்கள் கொண்ட சிறு குழுவிலிருந்துதான் இங்குள்ள குடி பெருகியது என்கிறது 2012-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இந்தோனேசியப் பக்கத்தவர்களாம். எந்தத் தைரியத்தில் படகேறினார்களோ.

சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளில் சோற்றை மலையாகக் குவிக்கிறார்கள், தொட்டுக்கொள்ளக் கொஞ்சம்தான். குடிக்க ரனோவோலா: பானை அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டாமல் அதிலேயே தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைப்பது. பழுப்பு நிறம், லேசான தீய்ந்த வாசனை, நம் நீராகாரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

தெற்கே போகப் போக வயல் குறைந்து திமில் மாடுகள் வருகின்றன. அவை ஆப்பிரிக்கா தந்த சொத்து. அப்புறம் துலியார் என்ற துறைமுக நகரம், அதற்கும் தெற்கே அனகாவோ என்ற வேஸோ மீனவக் கிராமம். ஒற்றை மரத்தைக் குடைந்த ஒல்லியான படகு, ஒரு பக்கம் மட்டும் இரண்டு கழிகளில் கட்டிய மிதவைக் கட்டை, ஒட்டுப்போட்ட சதுரப் பாய். காற்று ஓங்கியதும் கூட வந்த பையன் கழிமேல் தாவி உட்கார்ந்து தன் எடையாலேயே படகை நிமிர்த்தினான், எனக்கோ உயிர் தொண்டையில். பசிபிக் தீவுகளிலும் இதே மிதவைதான்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், ஆசிய மரபணு அதிகமுள்ள மலைநாட்டுக்காரர்கள் கடலை மறந்து நெல்லோடு நின்றுவிட்டார்கள், இந்தப் படகை விடாமல் பிடித்திருக்கும் வேஸோக்களிடம் இருப்பதோ ஆப்பிரிக்கப் பங்குதான் அதிகம்.

போகிறவர்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை தவிர்த்துவிடுங்கள், மழையும் புயலும்.