284,000 கி.மீ. ஓடிய மேனுவல் வீரா: கியர்பாக்ஸைப் பார்த்து வாங்கியதும், இறக்கிச் சரிசெய்ததும்

வண்டி புரோட்டோன் வீரா 1.5, ஐந்து கியர் மேனுவல், 4ஜி15 இன்ஜின். மீட்டரில் 284,000 கி.மீ. இடம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பீடோர் பக்கம், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். வீரா 1993இல் வந்த கார். இன்னும் ஓடுகிறவற்றில் மீட்டர் குறைவாகக் காட்டும் வண்டி கிடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இவ்வளவு கிலோமீட்டர் என்றதும் "கியர்பாக்ஸ் முடிந்திருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். எண்ணெய் சரியான அளவில் இருந்து, கிளட்ச் முழுதாக விட்டுக்கொடுத்தால் மேனுவல் பெட்டி இன்ஜினைவிட நீண்ட நாள் உழைக்கும். அந்த இரண்டில் ஒன்று கெட்டால் 80,000 கி.மீ.யிலேயே பெட்டி போய்விடும். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரிலேயே ஓடிய வண்டிக்குக் கியர் மாற்றும் வேலையே குறைவு. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று என்று ஓடிய வண்டியில் பாதி தூரத்திலேயே இரண்டாவது கியரின் சிங்க்ரோ வளையம் (கியர் விழும் முன் சுற்றுகளைச் சமப்படுத்தும் வளையம்) தேய்ந்திருக்கும். அதனால் வண்டி எவ்வளவு ஓடியது என்று கேட்பதோடு, எங்கே ஓடியது என்றும் கேட்க வேண்டும்.

மீட்டர் பற்றி இன்னொன்று. பழைய வண்டிகளில் ஸ்பீடோமீட்டரைச் சுழற்றும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் கியர்பாக்ஸில்தான் செருகியிருக்கிறது. அது தேய்ந்தாலோ கேபிள் அறுந்தாலோ முள் விழுந்துவிடும், கிலோமீட்டரும் ஏறாது. அப்படியே இரண்டு மூன்று வருடம் ஓட்டியவர்கள் உண்டு. ஓட்டிப் பார்க்கும்போது முள் துள்ளாமல் ஏறுகிறதா என்று கவனியுங்கள். கிளட்ச் பெடலின் ரப்பரையும் கியர் தடியின் குமிழையும் தொட்டுப் பாருங்கள். இந்த வண்டியில் பெடல் ரப்பரின் இடது ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தது, மீட்டரோடு பொருந்தியது.

இன்ஜின் ஆறியிருக்கும்போது

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று. சூடான கியர் எண்ணெய் பல குறைகளை மூடிவிடும்.

முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே ஐந்து கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். இதில் தடி தொளதொளவென்று ஆடினால் பெரும்பாலும் தடியைப் பெட்டியோடு இணைக்கும் லிங்கேஜின் புஷ் தேய்ந்திருக்கும், மலிவான வேலை. பிறகு ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே அதே கியர்களைப் போடுங்கள். இன்ஜின் ஓடாதபோது எளிதாக விழுந்த கியர், ஓடும்போது முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். பெட்டியைக் குறை சொல்லாதீர்கள்.

இதை உறுதி செய்ய ரிவர்ஸ் உதவும். பல பழைய பெட்டிகளில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சை அடிவரை மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அந்த நேரத்துக்குள் உள்ளே சுற்றும் ஷாஃப்ட் நின்றிருக்க வேண்டும். அப்போதும் கறகறவென்று கேட்டால் கிளட்ச் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. இந்த வீராவில் கேட்டது.

அடுத்து காதுக்கு வேலை. நியூட்ரலில், கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தபோது "ஸ்ஸ்ர்" என்று கேட்டு, மிதித்ததும் நின்றால், இன்ஜின் சுற்றைப் பெட்டிக்குள் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங். மிதிக்கும்போது மட்டும் கேட்டால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். முன்னதற்குப் பெட்டியைப் பிரிக்க வேண்டும், பின்னதற்கு இறக்கினால் போதும். இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் என்பதால் விலை பேசுவதற்கு முன்பே பிரித்தறிவது முக்கியம். ஓடும்போது எல்லாக் கியரிலும் ஒரே ஊளை, வேகத்தோடு ஏறி, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் தொனி மாறினால் டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) பக்கம் பாருங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் கேட்டால் அந்தக் கியரின் பற்களோ அதன் பேரிங்கோதான்.

ஓட்டிப் பார்த்தது

டவுனுக்குள் சுற்றினால் எதுவும் தெரியாது. தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் 59ஆம் எண் கூட்டரசுச் சாலை இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. ஏற்றத்தில் நான்காவது கியரில் முழு மிதி மிதித்தால், வேகம் ஏறாமல் இன்ஜின் சுற்று மட்டும் ஏறுகிறதா என்று பார்க்கலாம். ஏறினால் கிளட்ச் நழுவுகிறது. இந்த வண்டியில் லேசாக நழுவியது. முழுதாக விடவும் இல்லை, முழுதாகப் பிடிக்கவும் இல்லை என்றால் கேபிளைத் திருகிச் சரிசெய்ய முடியாது. கிளட்ச் தட்டு தேய்ந்து முடிந்துவிட்டது.

இறக்கத்தில் ஒவ்வொரு கியராகப் போட்டு, மிதித்து, சட்டென்று காலை எடுங்கள். கையைத் தடிமேல் வைக்காதீர்கள். கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால், கியரைப் பூட்டும் ஸ்லீவின் உள்பற்கள் தேய்ந்திருக்கும், இல்லையேல் ஸ்லீவை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க் அல்லது கியரை இடத்தில் நிறுத்தும் டிடென்ட் ஸ்பிரிங் போயிருக்கும். ஆனால் அதற்கு முன் இன்ஜின் மவுண்ட்டைப் பாருங்கள். காலை எடுக்கும்போதெல்லாம் தடியே முன்னும் பின்னும் ஓர் அங்குலம் நகர்ந்தால் மவுண்ட் கிழிந்திருக்கும். கியர் துள்ளுவதற்கு அதுவே போதுமான காரணம்.

இரண்டாவது கியர் ஏன் முதலில் கெடுகிறது என்பதைக் கணக்காகப் பார்த்தால் புரியும். முதல் கியர் விகிதம் 3.5, இரண்டாவது 1.9 என்று வைத்துக்கொள்வோம். 3,500 சுற்றில் மாற்றினால் இன்புட் ஷாஃப்ட் 1,900க்கு இறங்க வேண்டும். நான்காவது 1.1, ஐந்தாவது 0.85 என்றால் 3,500 சுற்று 2,700க்கு இறங்கினால் போதும். இந்த வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் உரசித் தீர்ப்பது ஒரு பித்தளை வளையம். அதன் உள்பக்கத்தில் நுண்ணிய வரிகள் உண்டு, எண்ணெய்ப் படலத்தை அறுத்துக்கொண்டு கூம்பைப் பிடிப்பது அவைதான். வரிகள் மழுங்கினால் வளையம் வழுக்கும், சுற்று சமமாகும் முன்பே ஸ்லீவ் பற்களில் மோதும். அதுதான் அந்த "கர்ர்". ஆறிய பெட்டியில் முதல் பத்து நிமிடம் மட்டும் கேட்டு, சூடானதும் நின்றால் அந்த வண்டியை வாங்கலாம். இந்த வீராவில் அப்படித்தான் இருந்தது. சூடான பிறகும் மெதுவாகப் போடும்போது கேட்டால் பெட்டியைப் பிரிக்கும் செலவை விலையில் கழியுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்காக வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோம் நடத்தும் பி5 சோதனையில் வண்டி தேறியது என்பதைக் கியர்பாக்ஸுக்கான சான்றாக எடுக்க வேண்டாம். அந்தச் சோதனையில் யாரும் சிங்க்ரோவைப் பார்ப்பதில்லை.

எண்ணெய் சொன்னது

வாங்கியதும் செய்த முதல் வேலை எண்ணெயை வடித்தது. வண்டியைச் சமமாக உயர்த்தி, ஸ்டாண்ட் வைத்து, முதலில் மேலே உள்ள ஊற்றும் பிளக்கைத்தான் கழற்ற வேண்டும். கீழே வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் துருவில் இறுகிக் கழலவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அடியில் உள்ள கசடும் சேர்ந்து வரும்.

அளவு பார்க்கக் குச்சி கிடையாது. ஊற்றும் துளையின் கீழ் விளிம்புவரை எண்ணெய் இருக்க வேண்டும், விரலை மடக்கி விட்டால் நுனி நனைய வேண்டும். இந்த ரகப் பெட்டிகள் இரண்டு லிட்டரைச் சுற்றியே பிடிக்கும். வடிந்தது 1.2 லிட்டர். காரணம் கண்ணெதிரே இருந்தது: சக்கரத்தைச் சுழற்றும் இடது டிரைவ் ஷாஃப்ட் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் சீல் கசிந்து, கீழே செம்மண் பசையாக ஒட்டியிருந்தது. தூசி ஒட்டிய ஈரம் பழைய கசிவு, துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தால் விற்பவர் கழுவியிருக்கிறார்.

வடித்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பான தேய்மானம். எண்ணெயில் தங்கப்பொடி மாதிரி மினுங்கினால் சிங்க்ரோ வளையம் கரைகிறது. காந்தத்தில் செதில் செதிலாக ஒட்டினால் பேரிங். முக்கோணத் துண்டு வந்தால் பல்லே உடைந்திருக்கிறது. பால் கலந்த நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெட்டியின் மேல் உள்ள சிறு மூச்சுத் துளைதான் வழி: ஓடிச் சூடான பெட்டி வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சிவிடும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். இருக்கைக்கு அடியில் மண் வாடை அடித்தால் கியர் எண்ணெயையும் சந்தேகியுங்கள். இந்தப் பெட்டியில் சாம்பல் பசையும் கொஞ்சம் மினுக்கமும், அவ்வளவுதான்.

புதிதாக ஊற்றியது ஜிஎல்-4 ரக (கியர் எண்ணெயின் தர வகை) 75டபிள்யூ-90 (அதன் அடர்த்தி அளவு). கடையில் "கியர் எண்ணெய்" என்று கேட்டால் லோரி டிஃபரென்ஷியலுக்கான ஜிஎல்-5 டின்னை எடுத்துக் கொடுப்பது வழக்கம். அதில் உள்ள அழுத்தம் தாங்கும் கந்தகச் சேர்மங்கள் பல பித்தளை வளையங்களுக்கு ஒத்துவராது. அதன் வழுவழுப்பால் வளையம் பிடிப்பதும் தாமதமாகும். வண்டியின் கைப்புத்தகம் எதைச் சொல்கிறதோ அதையே வாங்குங்கள், லேபிளில் ஜிஎல்-4 என்று தனியாக இருக்கிறதா பாருங்கள். பிளக்குகளுக்குப் புது வாஷர் போட்டு, அளவாக இறுக்கினால் போதும். பெட்டி அலுமினியம், நீளமான குழாயை மாட்டி இழுத்தால் மரை கழன்று வரும்.

எண்ணெய் மாற்றியதுமே இரண்டாவது கியரின் காலை நேரக் கறகறப்பு பாதியாகக் குறைந்தது.

கிளட்ச், சீல்

கேபிள் கிளட்ச் என்பதால் பெடலின் சும்மா ஆட்டத்தை முதலில் 20 மி.மீ. அளவுக்குக் கொண்டு வந்தோம். ரிவர்ஸ் ஓரளவு அமைதியானது, ஏற்றத்தில் நழுவல் போகவில்லை. பெட்டியை இறக்குவதுதான் வழி.

இறக்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. டிரைவ் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள், உள் ஜாயின்ட் கழன்று வரும். ஜாயின்ட்டுக்கும் பெட்டிக்கும் இடையே நெம்பி எடுங்கள். சில பெட்டிகளில் இரண்டு ஷாஃப்ட்டையும் எடுத்துவிட்டால் டிஃபரென்ஷியல் உள்கியர் சரிந்துவிடும், பழைய ஜாயின்ட்டின் முனையையோ தகுந்த கட்டையையோ செருகி வையுங்கள். மேலேற்றும்போது பெட்டியின் எடையை இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கவிடவே கூடாது, புதுத் தட்டின் நடுப்பகுதி வளைந்து கிளட்ச் மறுபடி இழுக்கும். இந்த ஒரே தவறால் புதுக் கிளட்ச்சை ஒரே மாதத்தில் இரண்டாம் முறை இறக்கிய பட்டறைகள் உண்டு.

தட்டில் ரிவெட் தலை வெளியே தெரியும் நிலை. கிளட்ச் செட் முழுவதும், அதாவது தட்டு, கவர், ரிலீஸ் பேரிங் மூன்றும் மாற்றப்பட்டன. ஃபிளைவீலில் நீலம் பாய்ந்த புள்ளிகள் இருந்ததால் லேத்தில் சீவப்பட்டது. பெட்டி கீழே இருக்கும்போதே இரண்டு டிரைவ் ஷாஃப்ட் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், இன்ஜினின் பின் கிராங்க் சீல் நான்கையும் போட்டுவிட வேண்டும். சீல்களின் விலை சொற்பம், கூலிதான் பெரிது. பின்னால் கிராங்க் சீல் கசிந்து புதுத் தட்டு நனைந்தால் மொத்தக் கூலியும் மறுபடி. இன்புட் ஷாஃப்ட்டில் தட்டு ஏறும் வரிப்பற்களில் (ஸ்பிளைன்) கிரீஸ் துளி அளவு போதும், கூடினால் சிதறித் தட்டில் ஒட்டும். கவர் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, சுற்றுச் சுற்றாக இறுக்குங்கள்.

ரிவர்ஸ் இப்போது சத்தமில்லாமல் விழுகிறது. தாப்பா ஏற்றத்தில் நான்காவதில் நழுவல் இல்லை.

மீதி இருப்பது

90 கி.மீ. வேகத்துக்கு மேல் ஐந்தாவது கியரில் மெல்லிய ஊளை. பல முன்சக்கர இழுவை வண்டிகளில் ஐந்தாவது கியர் பெட்டியின் கடைசி முனையில், தனி மூடிக்குள் இருக்கிறது. எண்ணெய் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். 1.2 லிட்டரில் ஓடிய காலம் அங்கே பதிந்திருக்கிறது.

இதற்காக இப்போதே ஹாஃப்-கட் கடையில் (வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) பெட்டி வாங்க அவசரம் இல்லை. வாங்கும் நிலை வந்தால் பார்க்க வேண்டியவை: 1.3க்கும் 1.5க்கும் வெளியில் ஒரே தோற்றம் இருந்தாலும் விகிதம் மாறலாம், அதனால் பெட்டியில் பொறித்த எண்ணைப் பழைய பெட்டியோடு ஒப்பிடுங்கள். இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

அடுத்த 5,000 கி.மீ.யில் ஊற்றும் பிளக்கைத் திறந்து அளவும் மினுக்கமும் பார்ப்பது. அளவு குறையாமல், ஊளையும் ஏறாமல் இருந்தால் இதே பெட்டியில் தொடரலாம், எண்ணெயை 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஊளை 70 கி.மீ. வேகத்திலேயே தொடங்கினால் முனை மூடியைத் திறந்து ஐந்தாவது கியர் ஜோடியையும் அதன் பேரிங்கையும் மாற்ற வேண்டியிருக்கும்.